எழுந்து நிற்கும் இடங்கள்

மற்றவர்கள் வீட்டு வீடியோவைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கேமரா வாங்கிய புதிதில் மனிதர்கள் அடிக்கும் கூத்தையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் மகனின் பிறந்தநாளை முழுசாக எடுத்த ஒரு வங்கி மேலாளர் உண்டு. ஆட்களை விட்டுவிட்டு மின்விசிறியை எடுத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. எல்லோரும் கடைசியில் என் வீட்டு முன்னறைக்கு வந்துதான் ஆக வேண்டும். வேண்டாததை வெட்டி, மிச்சத்தை ஒட்டி, டிஸ்கில் எழுதிக் கொடுப்பேன். என் கணவர் ஒரு காலத்தில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்தவர். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு அவர் வாடிக்கையாளர்களிடம் பேசுகிறார், நான் வேலை பார்க்கிறேன்.

இந்த வேலையில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. படத்தில் தெரிகிறவர்களைப் பார்ப்பதற்கு முன்னால், கேமரா யார் கையில் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். எவ்வளவு உயரம், பொறுமை உண்டா இல்லையா, யார் மேல் பிரியம், யாரைக் கண்டால் ஆகாது, எல்லாவற்றையும் கை சொல்லிவிடும். முகத்தை வைத்துப் பொய் சொல்லலாம், கையை வைத்துச் சொல்வது கஷ்டம்.

மருந்துக்கடைக்காரர் ஒரு மதியம் பை நிறைய டிஸ்க்குகளோடு வந்தார். எங்கள் தெரு முனையில் கடை வைத்திருப்பவர். குடும்பத்தோடு இந்தப் பக்கம் குடிவந்து ஒரு வருடம்தான் இருக்கும். என் பிரஷர் மாத்திரை அவர் கடையில்தான். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போதுகூட கோடு பிசகாமல் கத்தரிப்பார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

“அக்கா, எல்லாம் எங்க வீட்டு வீடியோ. கேமராவுக்குள்ளேயே டிஸ்க் போட்டு எடுத்தது,” என்றார். “கொஞ்சம் எடிட் பண்ணணும். ஆனா குவாலிட்டி துளிகூடக் குறையக் கூடாது.”

“என்னத்தை எடுக்கணும், தம்பி?”

அவர் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து, எதையும் துடைக்காமல், திரும்ப மடித்து வைத்தார்.

“எங்க அண்ணன் பொண்ணு எங்ககூட இருக்கா. குருவின்னு கூப்பிடுவோம். அண்ணனும் அண்ணியும் விபத்துல போயிட்டாங்க. அஞ்சு வயசுலேருந்து நாங்கதான் வளக்குறோம். இப்ப கொஞ்ச மாசமா கால்ல பலமே இல்ல, நிக்க முடியல. பழைய வீடியோவைப் போட்டு, தான் ஓடுறதைத் தானே பாத்து அழறா. எங்களால பாக்க முடியல அக்கா. அதனால அவ எழுந்து நிக்கிற இடம், நடக்குற இடம், ஓடுற இடம் எல்லாத்தையும் எடுத்துடுங்க. உக்காந்திருக்குறது, படுத்திருக்குறது இருக்கட்டும்.”

பெற்ற பிள்ளைக்கே இவ்வளவு யோசிக்காத ஜென்மங்களை நான் தினமும் திரையில் பார்க்கிறேன். இப்படி ஒரு சித்தப்பா கிடைத்ததே என்று அந்தப் பெண்ணுக்காகச் சந்தோஷப்பட்டேன்.

குவாலிட்டி விஷயத்தை அவருக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது. டிஸ்கில் ஒவ்வொரு படமும் முழுசாக இருக்காது. ஒரு முழுப் படம் இருக்கும், அதன் பின்னால் வரிசையாக அரைகுறைப் படங்கள் இருக்கும். அவை எல்லாம் முந்தினதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்து வைத்திருப்பவை. பிறகு மறுபடி ஒரு முழுப் படம். முழுப் படம் வருகிற இடத்தில் வெட்டினால் மிச்சத்தைத் தொடவே வேண்டாம், அசல் அசலாகவே இருக்கும். நடுவில் வெட்டினால் கம்ப்யூட்டர் உட்கார்ந்து புதிதாகப் படம் செய்யும், அப்போதுதான் மங்கும்.

“அதனால நீங்க சொல்ற இடத்துல அப்படியே வெட்ட முடியாது. அரை செகண்ட் முன்ன பின்ன ஆகும். ஒண்ணு, அவ எழுந்திருக்குறது கண் சிமிட்டுற நேரம் தெரியும். இல்லேன்னா கொஞ்சம் முன்னாடியே வெட்டணும், அப்ப அவ பக்கத்துல இருக்குறவங்களும் போயிடுவாங்க.”

“முன்னாடியே வெட்டுங்க,” என்றார் யோசிக்காமல். “அவளோட சேந்து யாரு போனாலும் பரவாயில்ல.”

“வெட்டுன துண்டை எல்லாம் தனி டிஸ்க்குல போட்டுத் தரவா?”

“வேண்டாம். அழிச்சுடுங்க. பாத்தா யாரும் கை வச்ச மாதிரியே இருக்கக் கூடாது, அக்கா. அதான் முக்கியம்.”

அவர் போனதும் என் கணவர், “தங்கமான மனுஷன்,” என்றார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். பழைய டிஸ்க்குகளில் கேமரா மருந்துக்கடைக்காரர் கையில். எதிர்பார்த்தபடிதான், நிதானமான கை, நல்ல உயரம். படத்தின் நடுவில் எப்போதும் அவர் மகள், பொடிசு என்று கூப்பிடுகிறார்கள், அப்போது தவழ்கிற வயசு. குருவியை அவர் தேடிப் போய் எடுத்ததாக ஒரு இடம்கூட இல்லை. அவளேதான் ஓடிவந்து படத்துக்குள் விழுவாள். அவளுக்குக் குருவி என்று பேர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஒரு இடத்தில் நிற்காத பெண். தோட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள், மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறாள், பொடிசை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாள். “குருவி, ஓடாதடி, விழுந்து தொலைக்காதே!” என்று சித்தியின் குரல் கேட்கிறது. அந்தக் குரலில் எரிச்சல் இருந்தாலும் வஞ்சம் இல்லை.

அவள் எழுந்திருக்கும் இடமெல்லாம் பார்த்து வெட்டினேன். கொலைகாரி மாதிரி இருந்தது. ஓடுகிற பிள்ளையை ஓடாத பிள்ளையாக்கும் வேலை. பாதியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அழிக்கச் சொன்னாரே தவிர, வெட்டின துண்டுகளை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஓரமாகச் சேர்த்து வைத்தேன். என்றைக்காவது அந்தப் பெண்ணுக்குக் கால் சரியாகிக் கேட்டால் கொடுக்கலாமே என்று நினைத்தேன்.

புதிய வீட்டுக்கு வந்தபின் எடுத்த டிஸ்க்குகளில் குருவி கண்ணிலேயே படவில்லை. வேலை மிச்சம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் கேமராவின் உயரத்தைக் கவனித்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு பெண்ணின் நெஞ்சு உயரம். பொடிசு கேமராவைப் பார்த்து “அக்கா” என்கிறாள். ஓட முடியாமல் போன பெண்ணின் கையில் கேமராவைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

நன்றாக எடுத்திருந்தாள். அது எனக்குச் சாதாரணமாக வாயில் வராத வார்த்தை. பொடிசு கட்டிலுக்கு அடியில் போனால் அவசரப்பட்டுக் கேமராவை அவள் பின்னாலேயே திருப்பாமல், எந்தப் பக்கம் வெளியே வருவாளோ அந்தப் பக்கம் காத்திருக்கிறாள். என் கணவருக்கு முப்பது வருஷத்தில் வராத பொறுமை. கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முறைத்துவிட்டுப் போனார்.

ஆனால் அடுத்த டிஸ்கில் கை நடுங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் அதிகம். களைத்துப் போயிருப்பாள் என்று நினைத்தேன். வெட்ட ஒன்றுமில்லாத அந்த டிஸ்க்குகளை நான் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். காலையில் அந்த அறையில் இடது பக்க ஜன்னலிலிருந்து வெயில் வரும். வெயில் தரையில் விழுகிற நேரத்தில் எடுத்ததெல்லாம் நிதானமாக இருந்தது. வெயில் போனபிறகு எடுத்ததெல்லாம் ஆடியது. மைக்குக்குப் பக்கத்தில் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. “பொடிசு, இங்க... இங்க பாரு,” என்கிற குரல் குழறியது. காலையில் தெளிவாகப் பேசிய அதே பெண்.

ஒரே ஒரு டிஸ்கில் மட்டும் காலையும் சரி, மாலையும் சரி, கை ஆடவில்லை. அது சித்தி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் என்று அதில் கேட்கும் பேச்சிலிருந்து தெரிந்தது. மாடியில் குடியிருக்கும் தையல்காரி ஒருத்தி சாப்பாடு கொண்டுவந்து வைப்பது அதில் தெரிகிறது. அவள் போனபிறகு கேமரா சுவரைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. பிறகு மெல்ல உயர்கிறது. ஜன்னல் கட்டை கீழே போகிறது, வெளியே தெரு தெரிகிறது, மரம் தெரிகிறது. எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அவள் எழுந்து நிற்கிறாள். ஆள் தெரியவில்லை, ஆனால் நிற்கிறாள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிக்கிறாள்.

எழுந்து நிற்கும் இடங்களை எல்லாம் எடுத்துவிடச் சொன்ன மனிதர் இதை எடுக்கச் சொல்லவில்லை. குருவி தெரிகிற டிஸ்க்குகளைத்தான் அவர் பார்த்திருப்பார். அவள் தெரியாததை எதற்குப் பார்க்கப் போகிறார்?

அன்று மாலை என் கணவர் எனக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார், கூடவே கதையும் கொண்டு வந்தார்.

“மருந்துக்கடையில பெரிய பேச்சு. அந்தப் புள்ளையோட தாய்மாமன் வர்றாராம். கப்பல்ல மெக்கானிக்காம். அக்கா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு பேச்சையே விட்டவர், புள்ள முகத்தைக்கூடப் பாத்ததில்லையாம். இப்ப அக்கா போன சேதி தெரிஞ்சு, புள்ளையை என்கூடவே அழைச்சுட்டுப் போறேன்னு நிக்கிறாராம்.”

“நல்லதுதானே?”

“எங்க நல்லது? பாவம், பிறந்ததுலேருந்தே அதுக்குக் கால் வராதாமே. எழுந்து நின்னதே இல்லையாம். கடைக்காரர் சம்சாரம் சொல்லி அழுவுது. இவ்வளவு தூரம் எப்படிக் கொண்டு போவார், வீடியோவைப் பாத்தா அவருக்கே புரியும்னு சொல்லுது.”

என் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

“பிறந்ததுலேருந்தா?”

“அப்படித்தான் சொல்லுது. அண்ணன் வீடு இன்னும் அந்தப் புள்ள பேர்லதான் இருக்காம். அவளுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்களாம்.”

“அவளுக்கு அப்புறமா? அவளுக்கு வயசு என்ன ஆச்சு, தொண்ணூறா?”

சொன்னபோது அவருக்கு உறைக்கவில்லை. நான் கேட்டபிறகுதான் உறைத்தது.

மிச்சமிருந்த கடைசி டிஸ்க்கைப் போட்டேன். அவரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசை. சித்தி பொடிசுக்கு ஊட்டுகிறாள். படம் தாங்க முடியாமல் ஆடுகிறது. பிறகு ஆடுவது நிற்கிறது. படம் மெல்லச் சரிகிறது. மேசை போய், நாற்காலிக் கால் வந்து, தரை வந்து, தரையிலேயே நின்றுவிடுகிறது. கேமராவை யாரும் எடுக்கவில்லை. தட்டில் கரண்டி படும் சத்தம் தொடர்ந்து கேட்கிறது. ஒரு செருப்புக் கால் வந்து நிற்கிறது.

“இன்னிக்கு சீக்கிரமே சாஞ்சுட்டாளே. எவ்வளவு குடுத்தே?” என்கிறது மருந்துக்கடைக்காரர் குரல்.

“நீங்க சொன்ன அளவுதான்.”

“நாளைக்குக் கொஞ்சம் குறைச்சுக்கோ. அவசரப்படக் கூடாது.”

செருப்புக் கால் திரும்பிப் போகிறது. அதன்பின் டிஸ்க் தீரும்வரை வெறும் தரைதான்.

நான் எழுந்துபோனேன். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது என் கணவர் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போலீசுக்குப் போவோம்,” என்றேன்.

“போய் என்ன சொல்லுவே? கை நடுங்குதுன்னா? எவ்வளவு குடுத்தேன்னு கேட்டா குத்தமா? மருந்துக்கடைக்காரன், காய்ச்சல் மருந்து குடுத்தேன்னு சொல்லுவான். நாம வெளியே வர்றதுக்குள்ள அவன் வீட்டுல ஒரு பாட்டில்கூட இருக்காது. அப்புறம் அந்தப் புள்ள அவன் கையிலதான். யோசிச்சுப் பாரு.”

எதிர்த்துப் பேசத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் ஆத்திரம். அவர் வாங்கி வந்த பிரஷர் மாத்திரை மேசையில் கிடந்தது. அதை விழுங்கப் பயந்தே எனக்குப் பிரஷர் ஏறியது.

மாமன் வரும்வரை டிஸ்க்கைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். மருந்துக்கடைக்காரர் வந்து கேட்டபோதெல்லாம் சாக்குச் சொன்னேன். எழுதுகிற மெஷின் மக்கர் செய்கிறது, வாங்கின வெறும் டிஸ்க்கெல்லாம் மட்டம், கரெண்ட் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கடைசி முறை வந்தபோது மானிட்டரை எட்டிப் பார்த்து, “நீங்க எல்லாத்தையும் முழுசா உக்காந்து பாப்பீங்களோ, அக்கா?” என்று கேட்டார்.

“யாருக்கு நேரம் இருக்கு, தம்பி? வெட்டுற இடத்தை மட்டும் பாப்பேன். மத்ததெல்லாம் மெஷின் பாத்துக்கும்.”

“அதான். ஊர்ப்பட்ட வேலை உங்களுக்கு,” என்று சிரித்தார். “மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்கல்ல?”

அவர் போனபிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பகலில் முன்னறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டது அதுதான் முதல் தடவை.

அன்றே எல்லா வெட்டையும் பிரித்தேன். முன்னால் வெட்டச் சொன்னார் அல்லவா, ஒவ்வொன்றையும் ஒரு முழுப் படம் தள்ளிப் பின்னால் வெட்டினேன். அரை செகண்ட்தான். குருவி உட்கார்ந்திருப்பாள். கை தரையில் ஊன்றும், குதிகால் அழுந்தும், முட்டி நிமிரத் தொடங்கும். அங்கே வெட்டு. அடுத்த காட்சி. பார்க்கிறவருக்குப் படம் அசலாகவே இருக்கும், மங்கலோ கோடோ தெரியாது. ஆனால் கண் இருக்கிறவர்களுக்கு உறுத்தும். வெட்டின துண்டுகளை எல்லாம் வரிசையாகச் சேர்த்து இன்னொரு டிஸ்கில் எழுதினேன். அதன் கடைசியில் உயர்ந்துபோகும் ஜன்னலையும், தரையையும் சேர்த்தேன். அதை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மாமன் வந்துவிட்டார் என்று என் கணவர் தெருவில் விசாரித்து வந்து சொன்ன மறுநாள் காலை, என் பிளேயரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மருந்துக்கடைக்காரர் முகம் ஒரு கணம் சுருங்கியது.

“நானே வந்து வாங்கிக்குவேனே, அக்கா.”

“உங்க பிளேயர் இந்த டிஸ்க்கைப் படிக்குமோ என்னமோ, தம்பி. சில பழைய பிளேயர் படிக்காது. விருந்தாளி வந்திருக்குற நேரத்துல மானம் போயிடக் கூடாதேன்னு என்னோடதையே தூக்கிட்டு வந்தேன்.”

உள்ளே இருந்து, “வரச் சொல்லுங்க,” என்றது கனமான ஒரு குரல். அவருக்கு வழி விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மாமன் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். பெரிய ஆள், முரட்டுக் கைகள், அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தார். எதிரே சோபாவில் தலையணைகளுக்கு நடுவில் குருவி. நான் வாரக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த பெண், ஆனால் பாதியாகிவிட்டாள். தெருவில் பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்காது. கண் மட்டும் அதே கண். நான் வயர்களை மாட்டுவதை அவள் கவனமாகப் பார்த்தாள், கேமரா பிடித்தவள் அல்லவா. எனக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. பொடிசு தரையில் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

சித்தி உள்ளே இருந்து ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்து குருவி கையில் கொடுத்தாள். “ஆறிடப் போகுது, குடிச்சுடு கண்ணு.” குருவி வாங்கிச் சோபா பக்கத்து ஸ்டூலில் வைத்தாள்.

முதல் டிஸ்க்கைப் போட்டேன். மருந்துக்கடைக்காரர் மாமனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“பாருங்க, அப்பவும் இப்படித்தான். உக்கார வச்சா உக்காந்த இடம். எங்க போனாலும் தூக்கிட்டுத்தான் போகணும். நாங்க பழகிட்டோம். உங்களுக்கு எப்படி முடியும், கப்பல்ல இருக்குற ஆளு?”

மாமன் முன்னால் குனிந்து பார்த்தார். திரையில் குருவி புல்லில் உட்கார்ந்திருந்தாள். கையை ஊன்றினாள். குதிகால் அழுந்தியது. காட்சி மாறியது. வேறு இடம், படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். முட்டி நிமிரத் தொடங்கியது. காட்சி மாறியது.

“இதுக்கு அப்புறம் நான் ஓடுவேன்,” என்றாள் குருவி.

மெல்லிய குரல்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“எது கண்ணு?” என்றார் மாமன்.

“இது இதோட முடியாது மாமா. இதுக்கு அப்புறம் எழுந்து ஓடுவேன்.”

சித்தி அவள் தலையைக் கோதினாள். “அது கனவுடா. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?” மாமனிடம் திரும்பி, “இப்படித்தாங்க, கனவுல ஓடுறதையெல்லாம் நிஜம்னு நினைச்சுக்குது. கேக்கவே மனசு வலிக்குது,” என்றாள்.

குருவி தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்து கொடுத்ததைவிடப் பெரிய பாவம் இதுதான் என்று தோன்றியது. தான் ஓடியதையே அந்தப் பிள்ளை சந்தேகப்படும்படி செய்துவிட்டார்கள்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “ஆன்ட்டி, நீங்க எல்லாத்தையும் பாத்தீங்கல்ல? நான் ஓடுனேனா?”

மருந்துக்கடைக்காரரும் என்னைப் பார்த்தார். கடையில் மாத்திரை கொடுக்கும்போது பார்க்கிற அதே சாந்தமான பார்வை. அந்த நொடியில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

“ஓடுனே,” என்றேன். “நிறைய ஓடுனே. மாடிப்படியில ரெண்டு ரெண்டா தாவி ஏறுனே. பொடிசைத் தூக்கிட்டுச் சுத்துனே. நான் பாத்தேன்.”

“அக்கா,” என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தார், “வேற யார் வீட்டு டிஸ்க்கோடவோ குழப்பிக்கிட்டீங்க. வயசாகுதுல்ல. பிரஷர் வேற.”

“பிரஷர் எனக்கு. கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, தம்பி.”

மாமன் எழுந்து நின்றார். எழுந்தபோது அறையே சின்னதாகிவிட்டது. “காட்டுங்க,” என்றார் என்னிடம்.

கைப்பையிலிருந்து டிஸ்க்கை எடுத்தேன். அவசரத்தில் பிளேயர் தட்டில் ஒழுங்காக உட்காரவில்லை, எடுத்து மறுபடி வைத்தேன். மருந்துக்கடைக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். மாமன் அவர் பக்கம் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

திரையில் குருவி புல்லிலிருந்து எழுந்தாள். ஓடினாள். குழாயை இழுத்துக்கொண்டு, பாவாடை நனைய, கேமராவைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு புள்ளி மங்கவில்லை. “குருவி, ஓடாதடி!” என்றது சித்தியின் குரல். சோபாவில் இருந்த குருவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான்தான்,” என்றாள். “மாமா, அது நான்தான்.”

மாமன் அழுதுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சினார். மருந்துக்கடைக்காரர் திரையைப் பார்க்கவில்லை, வாசல் கதவைப் பார்த்தார். சித்தி மட்டும் பேயறைந்த மாதிரி தன் குரலையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் டிவியைப் பார்த்த அந்த நேரத்தில் பொடிசு பொம்மையை விட்டுவிட்டு எழுந்தாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எக்கி, இரண்டு கையாலும் டம்ளரை எடுத்தாள். அக்காவுக்குக் கொடுத்தது எதுவானாலும் தனக்கும் வேண்டும் என்கிற வயசு. நான் கத்த வாயைத் திறப்பதற்குள் அவள் டம்ளரை வாயருகே கொண்டுபோனாள்.

“ஐயோ!” என்று சித்தி கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். மேசையில் இடித்து, மாமனைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். ஒரே அறை. டம்ளர் சுவரில் போய் மோதி உருண்டது. பொடிசை வாரி எடுத்து வாயைத் திறந்து விரலை விட்டுத் தடவினாள். “குடிச்சியா? சொல்லுடி, குடிச்சியா?” பொடிசு வீறிட்டு அழுதாள்.

மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பால் சோபாவின் காலைச் சுற்றி மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது.

“ஏம்மா,” என்றார். “பால்தானே?”

சித்தி மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மருந்துக்கடைக்காரர் சமையலறைக்குள் போய் ஒரு பழந்துணியோடு வேகமாக வந்து குனிந்தார்.

மாமன் அவருக்கும் பாலுக்கும் நடுவில் வந்து நின்றார்.

“துடைக்காதீங்க,” என்றார்.